நாலு தறிக்கு ஒரு கார்டு

எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்குத் தறிக்கூடத்தில் பெரும்புள்ளி என்று பெயர். ஊரே எழுந்து நின்று வணக்கம் வைக்கிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பிரித்த திரையில் நாள் முழுக்கப் புள்ளி வைப்பதுதான் அவர் வேலை. புள்ளி இருக்கும் இடத்தில் தறியில் நூல் மேலே எழும், இல்லாத இடத்தில் கீழே கிடக்கும். அப்படி லட்சக்கணக்கில் வைத்தால் ஜன்னல் திரைத்துணியில் ஒரு கொடியும் நாலு இலையும் வரும். நாளெல்லாம் புள்ளி வைக்கிற மனுஷனைத் தறிக்காரர்கள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவருக்கும் அதில் கோபம் கிடையாது. உள்ளூர ஒரு சந்தோஷம்கூட உண்டோ என்று எனக்குச் சந்தேகம்.

நான் சரக்கு வேன் ஓட்டுகிறவன். நூல் மூட்டை இறக்கப் போய் வந்த பழக்கத்தில்தான் அவரைத் தெரியும். அதிர்ந்து பேச மாட்டார், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, யாரைப் பார்த்தாலும் பாதி எழுந்து நிற்பார். தங்கைக்கு நாங்கள் இடம் பார்த்துக்கொண்டிருந்த நேரம். இதைவிடத் தங்கமான ஆள் எங்கே கிடைக்கும் என்று நானே முன்னால் நின்று முடித்து வைத்தேன். தங்கமான ஆள்தான், அதில் இப்போதும் எனக்கு மறுப்பில்லை. தங்கத்தோடு குடும்பம் நடத்த முடியுமா என்பது வேறு கேள்வி.

கம்ப்யூட்டரில் இருக்கும் டிசைன் தறிக்கு எப்படிப் போகிறது என்று சொன்னால்தான் மற்றது புரியும். ஒவ்வொரு தறிக்கும் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி நிற்கும். எந்த நூல் எழ வேண்டும், எது படுக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்வது அந்தப் பெட்டிதான். பெட்டிக்கு அதைச் சொல்வது ஒரு மெமரி கார்டு. கம்ப்யூட்டரில் செருகி டிசைனை ஏற்றிக்கொண்டு, பெட்டியில் செருகி இறக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூடத்துப் பெட்டிகள் எந்தக் காலத்துப் பெட்டிகளோ! சின்ன அளவு கார்டை மட்டும்தான் படிக்கும். இப்போது கடையில் விற்கிற கார்டைச் செருகினால், கார்டே இல்லை என்று சாதித்துவிடும். பழைய கார்டு மூன்று இருந்தன. ஒன்று தறிக்கு அடியில் விழுந்து நசுங்கிவிட்டது. ஒன்றைப் பஞ்சுத் தூசியோடு சேர்த்துப் பெருக்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். மிஞ்சினது ஒன்று. தறி நாலு.

பெட்டிக்கு இன்னும் இரண்டு குணம் உண்டு. கார்டில் முதலாவதாக இருக்கும் டிசைனை மட்டும்தான் எடுக்கும்; நாலையும் ஒன்றாகப் போட்டுக் கொடுத்தால் நாலு தறியிலும் ஒரே பூதான் பூக்கும். அதனால் ஒன்றை ஏற்றி, தறிக்கு ஓடி, பெட்டி அதை விழுங்கி முடிக்கும்வரை நின்று, பிடுங்கிக்கொண்டு அறைக்கு ஓடி, அதை அழித்து, அடுத்ததை ஏற்றி மறுபடி ஓட வேண்டும். இன்னொரு குணம்தான் குடியைக் கெடுத்தது. பெட்டிக்குள் இருந்த சின்ன பேட்டரிகள் செத்து வெகுகாலம். மாற்றப் போய் ஒரு பெட்டி செத்துப் பிழைத்ததில், அதற்குப் பிறகு யாரும் கை வைக்கவில்லை. கரண்ட் போனால் நாலு பெட்டியும் சுத்தமாக மறந்துவிடும். கரண்ட் வந்ததும் நாலுக்கும் முதலிலிருந்து சொல்லிக் கொடுக்க வேண்டும். அங்கே கரண்ட் போகாத நாளே கிடையாது. முதலாளியிடம் புதுப் பெட்டி கேட்டால், "பாக்கலாம்" என்பார். அவர் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டார் என்று அர்த்தம்.

கூடத்தின் மூலையில் பலகை அடித்துத் தடுத்த அறைதான் பெரும்புள்ளியின் ராஜ்ஜியம். ஒரு கம்ப்யூட்டர், அதன்மேல் போர்த்த ஒரு பழைய போர்வை, பஞ்சு பறக்கும் என்று ஓடவிடாத ஒரு மின்விசிறி. கதவைத் திறந்தால் தறிச் சத்தம் நெஞ்சில் இடிக்கும். கார்டை ஒரு மாத்திரை டப்பியில் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். கரண்ட் வந்த நிமிஷம் அவர் நடையே மாறிவிடும். தறிக்காரர்கள் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு அவருக்காக நிற்பார்கள். ஒவ்வொருவரிடமும் போய், செருகி, தலையாட்டி, "ஓட்டுங்க" என்பார். அந்த ஒரு சொல்லுக்குத் தறி ஓடும். வீட்டில் அவர் சொல்லி ஒரு நாற்காலிகூட நகர்ந்து நான் பார்த்ததில்லை.

"வேற யாருக்காவது சொல்லிக் குடுங்களேன் மாப்பிள்ளை" என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"சொல்லிக் குடுத்தேன் மச்சான். திரைத்துணி டிசைனைப் போர்வைத் தறிக்குப் போட்டுட்டாங்க. அரை நாள் துணி வீணாப்போச்சு" என்பார். சொல்லும்போது முகத்தில் வருத்தம் இருக்காது.

தறிக்கூடத்துக்குப் பின்தெருவிலேயே வீடு பிடித்திருந்தார், ஓடி வர வசதியாக. என் தங்கை முதல் வருஷம் இதை வேடிக்கையாகத்தான் சொல்லுவாள். "கரண்ட் போனா எல்லார் வீட்லயும் மெழுகுவர்த்தி தேடுவாங்க அண்ணா. எங்க வீட்ல செருப்பு தேடுவாங்க" என்று சொல்லிச் சிரிப்பாள். நாங்களும் சிரித்தோம். வருஷம் போகப் போக அவள் அதைச் சொல்லுவதை நிறுத்திவிட்டாள்.

வெகுநாள் கழித்து அவள் வயிற்றில் ஒன்று தங்கியது. நாலாம் மாதம் ஒரு காலையில் வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். டாக்டர் கூப்பிடட்டும் என்று இருவரும் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. "இதோ வந்துடறேன்" என்று போனார். அவளை உள்ளே அழைத்தபோது, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று நர்ஸ் கேட்டாளாம். இவள் பழக்கத்தில் பக்கத்து நாற்காலியைக் காட்டியிருக்கிறாள். நாற்காலியில் அவருடைய குடைதான் இருந்தது. அவர் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அங்கே நாலு தறியும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

அன்றைக்கு அவரை நான் அறைந்திருப்பேன். தங்கைதான் படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரே அழறாரு, விடு அண்ணா" என்றாள். அழுதது உண்மைதான். குடையை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

அதற்காக அவள் அவரை விட்டு வரவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காத விஷயம். வந்தது வேறு ஒன்றுக்கு. ஒரு மதியம் இருவரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். கரண்ட் போயிருக்கிறது. போன் அடிக்கவில்லை, யாரும் வந்து கூப்பிடவில்லை. அவர் பிசைந்த கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். இவள் அந்தத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஒரு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"யாரும் கூப்பிடல அண்ணா. அவருக்கே எந்திரிக்கணும்னு இருக்கு. அது எனக்குத் தெரியாமலே இத்தனை நாள் இருந்துட்டேன்" என்றாள்.

மாதங்கள் ஓடின. அவர் நூல் மூட்டை இறக்கும் இடத்தில் வந்து நின்றுகொண்டு, "அவ நல்லா இருக்காளா மச்சான்?" என்று மட்டும் கேட்பார். வந்து கேளுங்களேன் என்றால் தலையைக் குனிந்துகொள்வார். நானும் என் வீட்டுக்காரியும் தங்கையிடம் பேசிப் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஒருநாள் அவளாகவே இறங்கி வந்தாள்.

"ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வரட்டும். பொழுது சாயற வரைக்கும் இங்க இருக்கட்டும். நடுவுல எந்திரிச்சுப் போகக் கூடாது. அப்படி இருந்துட்டா நான் அவர்கூடவே கிளம்பறேன். இல்லன்னா இதைப் பத்தி இனிமே யாரும் என்கிட்ட பேசக் கூடாது."

ஒரு பகல் உட்கார்ந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். உலகத்தில் எந்தப் புருஷனுக்கும் இவ்வளவு சல்லிசாக மன்னிப்பு கிடைத்திருக்காது என்று நினைத்தேன். அவரிடம் சொன்னபோது அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. நாலாந்தறிக்காரர் கொஞ்சம் விவரமானவர். மாப்பிள்ளை அவரை அறையில் உட்காரவைத்து ஒரு வாரம் பழக்கினார். எதை அழிக்க வேண்டும், எதை ஏற்ற வேண்டும், எந்தத் தறிக்கு எது என்று அவரையே செய்யவைத்துப் பார்த்தார். நன்றாகவே செய்தார் என்று தறிக்காரர்கள் என்னிடமே சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் தடவி வாரின தலை. கையில் ஒரு பொட்டலம். என் வீட்டுக்காரி டீ கொடுத்துவிட்டு வேண்டுமென்றே சமையலறைக்குள் போய்விட்டாள். நானும் வாசலில் வேனைத் துடைப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு, காதை உள்ளேயே வைத்திருந்தேன்.

வெகுநேரம் சுவர்க் கடிகாரம்தான் பேசியது. பிறகு பொட்டலம் பிரிகிற சத்தம் கேட்டது. பச்சைக் கொடி ஓடின திரைத்துணி, ஒரு ஜன்னல் அளவுக்கு.

"நான் வரைஞ்சது. யாரும் சொல்லி வரையல, நானா வரைஞ்சது" என்றார்.

தங்கை அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அத்தனை வருஷம் பின்தெருவில் குடியிருந்தவள் இல்லையா, கண் பழகியிருந்தது. "இந்த இலைக்குக் காம்பே இல்லையே?" என்றாள்.

அவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். "அட, ஆமா. நாலு புள்ளி விட்டுப்போச்சு."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதமாயிற்று. சமையலறையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. என் வீட்டுக்காரியும் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது. அவரும் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை துணியை மடித்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்: "நம்ம முன் ஜன்னலுக்கு இது அகலம் பத்துமா? கம்பி வாங்கணும்னா அளவு வேணுமே."

நம்ம ஜன்னல் என்றாள். எனக்கு வாசலில் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சீக்கிரமே பொழுது சாய்ந்துவிட்டால் தேவலையே என்று வானத்தைப் பார்த்தேன். வெயில் உச்சிக்குக்கூட வரவில்லை.

அப்போது அவர் போன் அடித்தது. எடுக்கவில்லை. நின்றது, மறுபடி அடித்தது. அவர் அதை எடுத்து, அவள் பார்க்கப் பார்க்க அணைத்து, கவிழ்த்து வைத்தார். அந்த மனுஷனுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்து என் போன் அடித்தது. நாலாந்தறிக்காரர். நூல் விஷயமாக இருக்கும் என்று எடுத்துவிட்டேன்.

"அண்ணே, கரண்ட் போச்சு. கார்டை எங்க வெச்சுட்டுப் போனார்னு பெரும்புள்ளியைக் கொஞ்சம் கேளுங்களேன். மேஜையெல்லாம் தேடிட்டோம்."

உள்ளே போய்க் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று வாயை மூடின பிறகுதான் தோன்றியது. "மேஜை மேலதான் வெச்சேன்" என்றவர், பாதியில் நிறுத்திச் சட்டைப் பையைத் தொட்டார். டப்பி இருந்தது. விடியற்காலையில் கிளம்புகிற நேரத்தில் ஒரு தடவை கரண்ட் போய் வந்திருக்கிறது. நாலு தறிக்கும் ஏற்றிக் கொடுத்துவிட்டு, கை அதன் பழக்கத்தில் கார்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டது. அதுவரை நடந்தது தப்புதான், ஆனால் மனுஷன் பண்ணுகிற தப்பு. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"குடுங்க, நான் வேன்ல கொண்டு போய்க் குடுத்துட்டு வரேன். நாலாந்தறிக்காரர் பாத்துக்குவாரு. நீங்க உட்காருங்க" என்றேன்.

அவர் டப்பியைக் கொடுக்கவில்லை. கையிலேயே வைத்துத் திருப்பினார். "அவரு தனியா இதுவரைக்கும் பண்ணினதில்ல மச்சான்."

"பழக்கிவிட்டீங்க இல்ல?"

"நான் பக்கத்துல இருந்தேன்."

தங்கை மடித்த துணியின்மேல் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருங்க என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் இருந்திருப்பாரோ என்னவோ. சொல்லிக் கேட்டு இருப்பது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அவர் எழுந்தார். செருப்பைத் தேடினார்.

"போங்க" என்றாள். போயிட்டு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

வேனில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிற தூரம். அந்த இரண்டு மணி நேரமும் நான் திட்டிக்கொண்டே ஓட்டினேன். நீங்க என்பது பாதி வழியில் நீ ஆகிவிட்டது. "கட்டின பொண்டாட்டி ஜன்னல் அளவு கேக்கறா, உனக்கு இரும்புப் பொட்டிதான் பெருசா?" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத்தில் வராது. அவர் டப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வழியைப் பார்த்தபடி இருந்தார்.

கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தால், ஒரு சத்தமும் இல்லை. தறிக்காரர்கள் வாசலில் காற்றாட உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மெயின் ரோட்டில் டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டதாம். கரண்ட் இன்னும் வரவே இல்லை.

"இல்லாத கரண்டுக்கா கூப்பிட்டீங்க?" என்று நாலாந்தறிக்காரரிடம் பாய்ந்தேன்.

"கார்டு எங்க இருக்குன்னுதானே கேட்டேன். வரச் சொல்லலையே" என்றார் அவர். நியாயம்தான்.

மாப்பிள்ளை இருட்டறைக்குள் போய், கம்ப்யூட்டர் மேல் கிடந்த போர்வையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, அதன் முன்னால் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ஒரு நூல் மூட்டைமேல் உட்கார்ந்தேன். கோபம் வடிந்து களைப்புதான் மிச்சம் இருந்தது. "கார்டு வந்தாச்சு இல்ல? நாலாந்தறிக்காரர்கிட்ட குடுங்க. வாங்க மாப்பிள்ளை, திரும்பிப் போயிடலாம். அவ கால்ல வேணா விழுங்க. பொழுது சாயறதுக்குள்ள போயிடலாம்" என்றேன்.

அவர் டப்பியை மேஜைமேல் வைத்தார்.

"கார்டை உங்ககிட்ட குடுத்திருக்கலாம் மச்சான். தெரியும். நாலாந்தறிக்காரரு நல்லா பண்ணுவாரு, அதுவும் தெரியும்."

"அப்புறம் ஏன்யா வந்தீங்க?"

"அங்க அவ என்னைப் பாத்துட்டே இருக்கா. அடுத்து என்ன பேசணும்னு எனக்குத் தெரியல. ஜன்னல் அளவைச் சொல்லிட்டேன்னா அதுக்கப்புறம் என்ன சொல்றது? பொழுது சாயற வரைக்கும் இருக்கே. அப்புறம் வீட்டுக்கு வந்தா, தினமும் இருக்கே." மூச்சு வாங்கினார். "ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் இருந்துச்சு. அவ வலியில என் கையைப் பிடிச்சா. என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல. போன் வந்துச்சு, அப்பாடான்னு இருந்துச்சு."

அப்பாடா என்று இருந்ததாம். என் தங்கை குழந்தையைப் பறிகொடுத்த நாளில். அறைவதற்குக் கை எழவில்லை. இத்தனை வருஷமாக அந்த இரும்புப் பெட்டிகள்மேல் நான் பட்ட கோபமெல்லாம் வீண் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்கால வெயில் இறங்கும்போது கரண்ட் வந்தது. அவர் எழுந்தார். முதல் டிசைனை ஏற்றினார், ஓடினார், செருகினார், நின்றார், பிடுங்கினார். திரும்ப அறை, திரும்பத் தறி. ஒவ்வொரு தறியாக "ஓட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நாலும் ஓடத் தொடங்கிக் கூடமே அதிர்ந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். காலையில் எங்கள் வீட்டில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த மனுஷன் இல்லை. அவ்வளவு நிம்மதி. எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் அப்போதுதான் விட்டுப்போனது.

இருந்தாலும் கேட்டேன். காது கிழிகிற சத்தத்தில் கத்தித்தான் கேட்டேன். "எல்லாம் ஓடுது இல்ல? வரீங்களா?"

அவர் என் காதருகே வந்து, "மறுபடி கரண்ட் போச்சுன்னா?" என்றார்.

நான் தனியாகத் திரும்பினேன். வழியெல்லாம் தங்கையிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். சொல்லுவதற்கு ஒன்றும் இல்லை, அவள்தான் காலையிலேயே முடித்துவிட்டாளே, இனி யாரும் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று அவளே சொன்னாளே என்று சமாதானம் பண்ணிக்கொண்டேன். தெருவிளக்கெல்லாம் எரிந்து வெகுநேரமான பிறகுதான் வீட்டு முன்னால் வேனை நிறுத்தினேன்.

தங்கை வாசற்படியில் நின்றிருந்தாள். தலை வாரி, வேறு புடவை மாற்றியிருந்தாள். காலடியில் அவள் கொண்டுவந்த அதே பை, வாய் கட்டித் தயாராக இருந்தது.

"போனா என்ன, திரும்பி வருவார்ல. வந்துட்டார்னா போதும்னு எடுத்து வெச்சுட்டேன் அண்ணா" என்றாள். என்னைத் தாண்டி வேனின் மறுபக்கத்துக் கதவைப் பார்த்தாள். அந்தக் கதவு திறக்கவில்லை. வண்டியைச் சுற்றிப் போய்க் கண்ணாடி வழியாக உள்ளே ஒரு தடவை பார்த்தாள்.

"அண்ணி உனக்குச் சாப்பாடு எடுத்து வெச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.